பை முடிந்த பதினொரு நாள்: தடை வந்தாலும் ஓடும் விநியோகச் சங்கிலியை அமைப்பதற்கு ஒரு வழிகாட்டி

2022 ஆனி (ஜூன்) மாதம் எங்கள் ஆலை பதினொரு நாள் நின்றது. களஞ்சியத்தில் நெல் இருந்தது. செத்தல் மிளகாய் இருந்தது. வரிசையில் நின்று டீசலும் கொஞ்சம் எடுத்து வைத்திருந்தோம். அரிசிமாவைப் போட்டு ஒட்டுவதற்கு அச்சடித்த பை மட்டும் இல்லை. கொழும்பில் பை அடித்துத் தருபவருக்கு, பை செய்யும் இறக்குமதிச் சுருள் வரவில்லை. சரி, வேறு யாரிடமாவது அடிப்போம் என்றால், எங்கள் பெயரும் படமும் வெட்டிய அச்சு உருளைகள் அவருடைய பட்டறையில் கிடந்தன. புதிய உருளை செய்ய நாளும் காசும் வேண்டும். இரண்டுமே அப்போது கையில் இல்லை.

இலங்கையின் வடக்கே பரந்தனுக்குப் பக்கத்தில் அரிசிமா, மிளகாய்த்தூள், குரக்கன்மா அரைத்துப் பொதி செய்யும் சிறிய ஆலை எங்களுடையது. ஒன்பது பேர் வேலை செய்கிறோம். அந்தப் பதினொரு நாளுக்குப் பிறகு முழு ஒழுங்கையும் பிரித்து மறுபடி கட்டினோம். அப்போது படித்ததையும் பட்டதையும் இங்கே வரிசையாக எழுதுகிறேன். பால் சேகரிப்பவர், கருவாடு போடுபவர், கச்சான் வறுத்து அடைப்பவர் என்று வன்னியில் எதையாவது வாங்கி, மாற்றி, விற்பவர்களுக்கு இது பயன்படும். புதிதாகத் தொடங்கப் போகிறவர்களுக்கு இன்னும் கூடப் பயன்படும். ஓடுகிற ஆலையில் மாற்றுவதை விடத் தாளில் மாற்றுவது மலிவு.

முதலில்: காரணத்தை ஊகிப்பதை நிறுத்துங்கள்

2006 ஆவணியில், வடக்கைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி மூடப்பட்டது. 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்க, கண்டாவளைப் பக்கம் வீடுகளுக்குள் வெள்ளம் வந்தது. 2020 பங்குனியில் கொரோனா ஊரடங்கு, அதே ஆண்டு மார்கழித் தொடக்கத்தில் புரெவிப் புயல். 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை. 2022இல் எரிபொருள் வரிசை. அந்த ஆண்டு முடிவதற்குள் மண்டூஸ் புயல் கொண்டுவந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட கால்நடைகள் செத்தன. வன்னியில் மாடு குளிரில் சாகும் என்று அதற்கு முந்தின கிழமை யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம். 2025 கார்த்திகையில் டித்வா புயல்.

ஒவ்வொரு முறையும் நாங்கள் முந்தின முறைக்குத் தயாராக இருந்தோம்.

காரணங்கள் இப்படி மாறிக்கொண்டே இருக்கும். ஆனால் ஆலை வாசலில் நின்று பார்த்தால் வந்து சேர்வது ஐந்தில் ஒன்றுதான்: சாமான் உள்ளே வராது, சாமான் வெளியே போகாது, கரண்ட் இராது, ஆட்கள் வர மாட்டார்கள், காசு புரளாது. இந்த ஐந்தையும் வைத்து அமைப்பை யோசியுங்கள். கடன் விண்ணப்பத்தில் ‘வெள்ள ஆபத்து: நடுத்தரம்’ என்று நிரப்பச் சொல்லும் படிவங்கள் உண்டு. நானும் நிரப்பிக் கொடுக்கிறேன். அந்தத் தாளால் ஒரு மூட்டை கூட இடம் மாறியதில்லை.

படி 1: கோடு கீறுங்கள், இரண்டு தட்டு பின்னால் போங்கள்

ஒரு பெரிய தாளின் வலது ஓரத்தில் உங்கள் பொருளை வாங்கும் கடைக்காரரை எழுதுங்கள். அங்கிருந்து இடப்பக்கமாகப் பின்னால் வாருங்கள்: லொறி, களஞ்சியம், பொதி, இயந்திரம், மூலப்பொருள். பலர் இதோடு நிறுத்திவிடுவார்கள். உங்களுக்குத் தருபவருக்கு யார் தருகிறார் என்பதையும் எழுத வேண்டும்.

எங்கள் தாளில் நெல்லுக்கு நேரே ‘உள்ளூர், பயமில்லை’ என்றுதான் முதலில் எழுதினேன். வீட்டில் மனைவி பார்த்துவிட்டு, ‘அப்ப யூரியாவும் உள்ளூரோ?’ என்று கேட்டார். அதுதான் கேள்வி. நெல் பக்கத்து வயலில் விளைந்தாலும் அதன் உரம் கப்பலில் வருகிறது. 2021 சித்திரையில் எடுத்த உரத்தடை முடிவு கார்த்திகையில் கைவிடப்பட்டாலும், அடுத்த காலபோக அறுவடை அடிவாங்கியது அதனால்தான். செத்தல் மிளகாயோ பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வந்து கொழும்பு புறக்கோட்டை மொத்தக் கடைகள் வழியாக எங்களிடம் ஏறுகிறது.

மனிதர்களையும் தாளில் போடுங்கள். எங்கள் இயந்திரத்தின் அரைகல்லைக் கொத்தத் தெரிந்தவர் அப்போது ஒரே ஒருவர். அவருக்குக் காய்ச்சல் வந்தால் ஆலைக்கும் காய்ச்சல்.

படி 2: ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண்

இதுதான் வழிகாட்டியின் நடு. இங்கே அவசரப்படாதீர்கள்.

தாளில் உள்ள ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் இரண்டு எண் எழுதுங்கள். ஒன்று, ‘தாங்கு நாள்’: இது இன்றோடு நின்றுவிட்டால் எத்தனை நாள் நான் வழமைபோல ஓடுவேன்? மற்றது, ‘மீள் நாள்’: இது நின்றால், மறுபடி வரவோ மாற்று ஒன்று பிடிக்கவோ எத்தனை நாள் ஆகும்? மீள் நாள் தாங்கு நாளை விடப் பெரிதாக இருக்கும் ஒவ்வொரு இடமும் ஓட்டை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், நீங்கள் கதவைப் பூட்டி உட்காரப்போகும் நாட்கள்.

இந்த முறையை அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் சிம்சி-லெவி போர்ட் கார் நிறுவனத்தோடு சேர்ந்து செய்து பார்த்தவர். அவர்கள் கண்ட ஒரு விஷயம் என்னைத் தூக்கிவாரிப் போட்டது: அதிகக் காசு கொடுத்து வாங்கும் பொருளுக்கும், நின்றால் அதிக நட்டம் தரும் பொருளுக்கும் பெரிய தொடர்பே இல்லை. சில்லறை விலைப் பாகங்கள்தான் பல இடங்களில் தொழிற்சாலையை நிறுத்தக்கூடியவையாக இருந்தன. எங்கள் பை மாதிரி.

2022 தொடக்கத்தில் நான் இதைச் செய்திருந்தால் தாள் இப்படி இருந்திருக்கும். சிவப்பு நெல்: தாங்கு நாள் 40, மீள் நாள் 5. செத்தல் மிளகாய்: 12, 30. அச்சடித்த பை: 15, 45. இயந்திரத்தின் பெல்ற்றும் பெயாரிங்கும்: 0, 2. கவனம் முழுக்க நெல்லில் இருந்தது. பணமும் அங்கேதான் முடங்கியிருந்தது. பெரிய ஓட்டை பையில் இருந்தது.

எண்களை எழுதும்போது இரண்டு பொய் வரும். ‘கேட்டால் நாளைக்கே தருவார்’ என்பது ஒன்று. எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்கும் நாளில் அவர் என்ன செய்வார் என்று யோசித்து எழுதுங்கள். கையிருப்பைக் கூட்டிச் சொல்வது மற்றது. களஞ்சியம் நிறைந்திருக்கும் மாசி மாதத்தை வைத்துத் தாங்கு நாள் எழுதக்கூடாது. காலபோக நெல் தை மாசியில் வரும். சிறுபோகமோ குளத்தில் தண்ணீர் இருக்கும் அளவுக்குத்தான். ஆகவே நெல்லுக்கு மார்கழி மாதக் கையிருப்பைத்தான் எழுத வேண்டும், 40 எங்களுக்கு அந்த மாதக் கணக்கு.

அடுத்தது காசுக் கணக்கு. உருண்டை எண்களில் பார்ப்போம். ஆலை ஒரு நாள் நின்றால் சம்பளம், தவணை, போன விற்பனை எல்லாம் சேர்த்து 40,000 ரூபாய் நட்டம் என்று வையுங்கள். பதினொரு நாளுக்கு 440,000. மூன்று மாதத்துக்கான பையைக் கூடுதலாக வாங்கி வைக்க 100,000 ரூபாய் முடங்கும். 15 வீத வட்டி என்றால் ஆண்டுக்கு 15,000. அந்தப் பதினொரு நாள் நட்டத்தில் 29 ஆண்டு வட்டி கட்டியிருக்கலாம். இதே கணக்கைப் பத்து இலட்ச ரூபாய் மிளகாய்க்குப் போட்டால் வட்டி ஆண்டுக்கு 150,000. அதோடு மாரி ஈரத்தில் மிளகாய் பூஞ்சணம் பிடிக்கும் பயமும் உண்டு. ஆகவே ‘எல்லாவற்றையும் கூட வாங்கி அடுக்கு’ என்பது பதிலாகாது. விலை குறைந்து, பழுதாகாமல், மீள் நாள் நீண்டதாக எது இருக்கிறதோ அதை யோசிக்காமல் குவியுங்கள். மற்றவற்றுக்கு வேறு வழி தேட வேண்டும்.

படி 3: இரண்டு போலத் தெரியும் ஒன்றைப் பிடியுங்கள்

பைக்கு இரண்டாவது ஆளைப் பிடித்ததும் நிம்மதியாக இருந்தேன். ஒருவர் நிற்க வாய்ப்பு நூற்றுக்கு 10, மற்றவருக்கும் 10 என்றால், இருவரும் ஒன்றாக நிற்க வாய்ப்பு நூற்றுக்கு 1தான். கேட்க நன்றாக இருக்கிறது. பிறகு விசாரித்தால் இருவரும் ஒரே இறக்குமதிக்காரரிடம் சுருள் வாங்குகிறார்கள். அந்த மனிதர் நிற்கும் வாய்ப்பு 8 என்றால், இருவரும் ஒன்றாக நிற்கும் வாய்ப்பு 8க்குக் கீழே இறங்கவே இறங்காது. நான் வாங்கியது இரண்டு தொலைபேசி இலக்கங்களை மட்டும்.

இந்த அடி உலகத்தில் பெரியவர்களுக்கும் விழுந்திருக்கிறது. 2011 மார்ச் 11 நிலநடுக்கத்தில் ஜப்பானின் ரெனேசாஸ் நிறுவனத்துடைய நாகா சிப் தொழிற்சாலை நின்றது. வேறு வேறு ஆட்களிடம் பாகம் வாங்கிய கார் நிறுவனங்களெல்லாம், கீழே போகப் போகக் கோடுகள் அந்த ஒரே இடத்தில் சேர்வதை அப்போதுதான் கண்டன. அதன்பிறகு டொயோட்டா தன் கீழ்த்தட்டு விநியோகத்தர்களை எல்லாம் தேடிப் பதிந்து வைத்தது.

எங்களுக்கு இதை விளங்கப்படுத்தியவர் லொறிச் சாரதி. ஏ9 மறிபட்டால் பூநகரி போய் ஏ32ஆல் மன்னார்ப் பக்கம் இறங்கலாம் என்று மாற்றுப்பாதை வரைந்து காட்டினேன். பார்த்துவிட்டு, ‘அண்ணை, எதாலை போனாலும் மதவாச்சியிலைதானே ஏறோணும்’ என்றார். உண்மைதான். மன்னாரிலிருந்து வரும் ஏ14 மதவாச்சியில் ஏ9ஓடு சேர்கிறது. கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் இடையில் மறிபட்டால் என் மாற்றுப்பாதை உதவும், மதவாச்சிக்குத் தெற்கே மறிபட்டால் உதவாது. வவுனியாவிலிருந்து ஹொரவப்பொத்தானைப் பக்கமாகச் சுற்றினால் மதவாச்சியைத் தவிர்க்கலாம், ஆனால் அதற்கு வவுனியா வரைக்கும் போய்ச் சேர வேண்டும். இப்படி ஒவ்வொரு துண்டாகப் பிரித்து எழுதினால்தான் எது எதற்கு மாற்று என்று தெரியும். புகையிரதத்தை நம்பலாமா என்றும் பார்த்தோம். 2023இலும் 2024இலும் வடக்குப் பாதையின் துண்டுகள் திருத்தவேலைக்காக மாதக்கணக்கில் மூடப்பட்டிருந்தன. அதை அவசர வழியாக வைக்கலாம், ஒரே வழியாக வைக்க முடியாது.

டீசலும் இதே வகை. கரண்ட் போனால் ஜெனரேற்றர், வாகனம் கிடைக்காவிட்டால் சொந்த லொறி என்று எழுதியிருந்தேன். இரண்டும் ஒரே தாங்கியிலிருந்து குடிக்கின்றன. 2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோது டீசலும் இல்லை, கானில் அடிக்கவும் விடவில்லை. இப்போது பகல் நேரம் பொதி ஒட்டும் இயந்திரங்களுக்கும் விளக்குகளுக்கும் கூரையில் சூரியத் தகடு போட்டிருக்கிறோம். அரைகல்லை அது இழுக்காது. அரைப்பதை முன்கூட்டியே செய்து வைத்தால் அடைத்து அனுப்பும் வேலை நிற்காது, அவ்வளவுதான்.

படி 4: குறுகிய தடைக்குக் கையிருப்பு, நீண்ட தடைக்கு மாற்று வழி

பிரையன் டொம்லின் என்ற ஆய்வாளர் 2006இல் கணக்குப் போட்டுக் காட்டிய ஒன்று எங்களுக்கு நன்றாகப் பொருந்துகிறது. அடிக்கடி வந்து சீக்கிரம் போகும் தடையென்றால் கையிருப்பு நல்ல மருந்து. எப்போதாவது வந்து நீண்டு இழுக்கும் தடையென்றால் கையிருப்பு வீண்செலவு. வராத நாளுக்காக ஆண்டுக்கணக்கில் பொருளைச் சுமந்து, வந்த பிறகு பாதியில் முடிந்துபோகும். அதற்கு இரண்டாவது மூலம்தான் சரி.

ஹர்த்தால் ஒரு நாள். வெள்ளத்தில் வீதி மறிபட்டால் சில நாட்கள். இவற்றுக்கு ஒரு கிழமைச் சரக்குப் போதும். டொலர் இல்லாமல் இறக்குமதி நிற்பது மாதக்கணக்கு. அதற்கு மூட்டை அடுக்கிப் பயனில்லை. மிளகாயில் நாங்கள் செய்தது இதுதான்: முக்கால் பங்கு புறக்கோட்டையில் வாங்குகிறோம், கால் பங்கை இந்தப் பக்கத்து விவசாயிகளிடம் கொஞ்சம் கூடுதல் விலைக்கு எடுக்கிறோம். அந்தக் கூடுதல் விலை எங்கள் காப்புறுதிக் கட்டணம். ‘தேவைப்பட்டால் வாங்குவோம்’ என்று சொல்லி இலக்கத்தை மட்டும் குறித்து வைத்தால், நெருக்கடியில் அவர் வழமையாக வாங்குபவருக்குத்தான் கொடுப்பார். அதில் அவரைக் குறை சொல்லவும் முடியாது.

படி 5: எங்கே வைப்பது

படித்தவர்களே குழம்பும் இடம் இது. விற்பனை ஏறி இறங்குவதைச் சமாளிக்கத்தான் கையிருப்பு என்றால் ஒரே களஞ்சியம் நல்லது. அதையே இரண்டு இடத்தில் வைத்தால் காப்புச் சரக்கு சுமார் 1.4 மடங்கு தேவைப்படும். யாழ்ப்பாணத்தில் குறைந்தது வவுனியாவில் கூடியதை ஈடுகட்டும் என்ற வசதி போய்விடும். ஆனால் இடமே நின்றுபோகும் பயம் என்றால் கணக்குத் தலைகீழ். சராசரி நட்டம் மாறாவிட்டாலும், இரண்டு இடத்தில் வைத்தால் ஒரே அடியில் எல்லாம் போகாது. சிறிய தொழிலை அழிப்பது அந்த ஒரே அடிதான்.

நாங்கள் நடுவழி எடுத்தோம். மூலப்பொருள் எல்லாம் ஆலையில், தரையிலிருந்து உயர்த்திய மரத்தட்டுகளில். நெல் ஈரப்பதன் 14 வீதத்துக்குக் கீழே இருந்தால்தான் உள்ளே வரும். அடைத்து முடிந்த பொருளில் ஐந்து நாள் அளவு வவுனியாவில் உறவினர் ஒருவருடைய களஞ்சியத்தில். 2018இல் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மூழ்கிய மாதிரி மறுபடி வந்தாலும், தெற்கே போக வேண்டியது தெற்கேயே நிற்கும். கிழமைக்கு ஒருமுறை பழையதை விற்றுப் புதியதை வைக்கிறோம். இதற்கு ஒரு கொப்பி போதும்.

படி 6: பொருளையே மாற்றி யோசியுங்கள்

பைப் பிரச்சினைக்கு நாங்கள் கண்ட தீர்வு இன்னொரு பைக்காரரில் இல்லை. மூன்று பொருளுக்கும் மூன்று அச்சுப் பை என்பதை விட்டுவிட்டோம். ஒரே அளவில் வெறும் பை, மேலே ஸ்டிக்கர். ஸ்டிக்கர் கிளிநொச்சியிலேயே அடிக்கலாம். பெயர், நிறை, விலை, உற்பத்தித் திகதி, முடிவுத் திகதி எல்லாம் அதில் வரும். வெறும் பை எங்கும் கிடைக்கும், எவருடைய உருளையும் தேவையில்லை. அரிசிமா ஓடாத மாதம் அதே பையில் குரக்கன்மா போகிறது. பொருளுக்குரிய அடையாளத்தைக் கடைசி நிமிடம் வரை தள்ளிப் போடுவது என்பார்கள். பார்வைக்கு அச்சுப் பையின் பளபளப்பு இல்லை என்று இரண்டு கடைக்காரர் முகம் சுளித்தார்கள். உண்மைதான், கொஞ்சம் விற்பனையும் குறைந்தது. ஏற்றுக்கொண்டோம்.

இந்த வித்தை இங்கே புதிதல்ல. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது, ஸ்டார்ட் எடுக்க மட்டும் சில சொட்டுப் பெற்றோல். ஜாம் போத்தல் விளக்கில் படித்துச் சோதனை எழுதியவர்கள் இன்று நாற்பது கடந்தவர்கள். அப்போது முட்டுப்பட்டுச் செய்ததை இப்போது தாளில் முன்கூட்டியே செய்கிறோம்.

படி 7: காசு

கையிருப்பும் இரண்டாவது மூலமும் இருந்தும் காசு புரளாவிட்டால் எல்லாம் நிற்கும். 2022 பங்குனியில் ரூபாயை மிதக்க விட்டதும் (பெறுமதியைச் சந்தையே தீர்மானிக்க விட்டதும்), 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் இரண்டு மாதத்தில் 350ஐத் தாண்டியது. ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 வீதப் புள்ளி உயர்த்தியது. மாதக் கடனுக்குத் தந்தவர்கள் ‘காசு வைத்தால் சாமான்’ என்றார்கள். நாங்கள் கடைகளுக்குக் கொடுத்த கடனோ 45 நாளில் நின்றது. ஆகவே தாளில் காசுக்கும் தாங்கு நாள் எழுதுங்கள்: ஒருவரும் தராமல், எல்லாரும் கேட்டால், எத்தனை நாள்? எங்களுக்கு அப்போது 9 நாள். இப்போது 25. இதற்கு வழி கடைக்கடனை 21 நாளாக இறுக்கியதுதான், வேறு மாயம் இல்லை.

படி 8: யார், எப்போது மணி அடிப்பது

2000 மார்ச் 17 அன்று அமெரிக்காவின் அல்புகேர்கி நகரில் பிலிப்ஸ் நிறுவனத்தின் சிப் தொழிற்சாலையில் மின்னலால் தீப்பற்றியது. பத்து நிமிடத்தில் அணைத்துவிட்டார்கள். ஆனால் புகையும் தண்ணீரும் துப்புரவான அறைகளைக் கெடுத்திருந்தன. நொக்கியாவுக்கும் எரிக்சனுக்கும் ஒரே செய்திதான் போனது: ஒரு கிழமை தாமதம். நொக்கியா அன்றிலிருந்து தினமும் விசாரித்து, சிப்பின் வடிவத்தைக்கூட மாற்றி வேறு இடங்களில் செய்வித்தது. எரிக்சன் சின்ன விஷயம் என்று விட்டது. செலவு குறைக்க ஏற்கனவே ஒரே ஆளிடம் வாங்கும் முறைக்கு மாறியிருந்ததால் வேறு போக்கிடமும் இல்லை. நட்டம் சுமார் 40 கோடி டொலர்.

எங்களிடம் செய்தி எப்போதும் முதலில் சாரதிக்கோ கணக்குப் பார்க்கும் பிள்ளைக்கோதான் வரும். அவர்கள் ‘முதலாளிக்குச் சொல்லவோ விடவோ’ என்று யோசிப்பார்கள். அதனால் எல்லையை எண்ணாக எழுதிவிட்டோம். சொன்ன நாளிலிருந்து மூன்று நாள் பிந்தினால், எதுவென்றாலும், இரண்டாவது ஆளுக்கு ஓடர் போக வேண்டும். என்னைக் கேட்கத் தேவையில்லை. இரணைமடு வான்கதவு திறக்கும் அறிவிப்பு வந்தால் கீழ்த்தட்டு மூட்டைகள் மேலே ஏற வேண்டும், வவுனியாவுக்கு ஒரு லொறி அன்றே போக வேண்டும். தொலைபேசி இலக்கங்கள் தாளில், கதவுக்குப் பின்னால். சிக்னல் போகும், பற்றறி இறங்கும், தாள் இருக்கும்.

வேலை செய்யும் மாதங்கள்

எண்களை மறுபடி எழுத ஆவணி, புரட்டாதி நல்லது. மாரி தொடங்க முன் கூரையும் வடிகாலும் பார்த்து, பெல்ற், பெயாரிங் ஒரு சோடி வாங்கி வைத்து, வவுனியாக் களஞ்சியத்தை நிரப்பலாம். தை மாசியில் நெல் வாங்கும்போது அடுத்த மார்கழிக்கான பங்கையும் சேர்த்து எடுங்கள். இடையில் ஒரு நாள், முன்னறிவிப்பில்லாமல், காலையில் ஏதாவது ஒன்றை நிறுத்திப் பாருங்கள். போன பங்குனியில் நான் ஸ்டிக்கர் பெட்டியை ஒளித்து வைத்தேன். பிள்ளைகள் பதினைந்து நிமிடத்தில் சந்திக் கடைக்குப் போய் அடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். அரைகல் கொத்துபவரை வீட்டுக்கு அனுப்பிப் பார்த்தபோதுதான் இரண்டாவது ஆளுக்கு இன்னும் சரியாகக் கைவரவில்லை என்று தெரிந்தது. அந்தப் பழக்கம் இப்போது சனிக்கிழமைகளில் நடக்கிறது.